எங்கள் தெருவுக்கு வந்த என்.பி.என்.: ஆஸ்திரேலியத் தமிழ் வீடுகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சனிக்கிழமை தமிழ்ப் பள்ளியில் பிள்ளைகளை விட்டுவிட்டு வாசலில் நிற்கும்போது, புதிதாக வீடு மாறியவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "அண்ணா, உங்க வீட்டுல என்.பி.என். ஒழுங்கா வருதா?" என்பதுதான். என்.பி.என். என்றால் நேஷனல் பிராட்பேண்ட் நெட்வொர்க், நாடு முழுக்கப் போட்ட இன்டர்நெட் லைன். நான் மேற்கு சிட்னியில் இருக்கிறேன். ஏழு வருடம் செம்புக் கம்பியில் காலம் தள்ளிவிட்டு, போன வருடம்தான் வீட்டுக்குள் ஃபைபர் (கண்ணாடி இழைக் கம்பி) இழுத்தோம். நடுவில் அக்கம்பக்கத்தில் பத்துப் பன்னிரண்டு வீடுகளுக்கு லைன் விஷயமாகப் போய் உட்கார்ந்திருக்கிறேன். அங்கெல்லாம் திரும்பத் திரும்பச் சொன்ன பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைத்தால் நாலு பேருக்கு உதவும் என்று இதை எழுதுகிறேன்.

என்.பி.என். என்பதும் ஒரு இன்டர்நெட் கம்பெனியா? நான் அவர்களுக்குப் பணம் கட்டுவதே இல்லையே?

என்.பி.என். மொத்த வியாபாரி. நாடு முழுக்க லைன் போட்டது, அதைப் பராமரிப்பது அவர்கள் வேலை. முழுக்க அரசுக்குச் சொந்தமான கம்பெனி. 2009 ஏப்ரலில், லேபர் கட்சியின் கெவின் ரட் பிரதமராக இருந்தபோது தொடங்கினார்கள். நமக்கு பில் அனுப்பும் கம்பெனி அவர்களிடமிருந்து மொத்தமாக வாங்கி நமக்குச் சில்லறையாக விற்கிறது. சில்லறைக் கம்பெனிகள் நிறைய இருக்கின்றன. எதில் சேர்ந்தாலும் உங்கள் வீட்டுச் சுவர் வரை வரும் கம்பி ஒன்றேதான்.

இது புரியாததால்தான் பலர் வருடத்துக்கு மூன்று கம்பெனி மாறிப் பார்த்துவிட்டு, "எல்லாரும் ஒரே மாதிரிதான்" என்று அலுத்துக்கொள்கிறார்கள். கம்பியில் கோளாறு இருந்தால் கம்பெனி மாறிப் பயனில்லை.

எங்கள் வீட்டுக்கு எந்த வகை லைன் வந்திருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

என்.பி.என். இணையதளத்தில் முகவரியைத் தட்டினால் சொல்லிவிடும். வீட்டிலேயே கண்டுபிடிக்கவும் முடியும். மோடத்திலிருந்து போகும் ஒயரைப் பிடித்துக்கொண்டே போய்ப் பாருங்கள்.

பழைய டெலிபோன் சாக்கெட்டில் நேரே போய் முடிந்தால், தெருமுனையில் ஒரு பச்சைப் பெட்டி வரைக்கும்தான் ஃபைபர். அங்கிருந்து உங்கள் வீடு வரை செம்பு. அந்தப் பெட்டியைத்தான் நோட் என்கிறோம். அடுக்குமாடியில் இருந்தால் அந்தப் பெட்டி கட்டடத்தின் அடித்தளத்திலேயே இருக்கலாம். செம்பின் தூரம் குறைவு என்பதால் அங்கே நிலைமை கொஞ்சம் தேவலை. டெலிபோன் சாக்கெட்டுக்கும் மோடத்துக்கும் நடுவில் கையகல வெள்ளைப் பெட்டி ஒன்று இருந்தால், ஃபைபர் உங்கள் வாசலில் இருக்கும் குழி வரை வந்திருக்கிறது. டிவி ஆன்டெனா ஒயர் போலத் தடித்த, திருகி மாட்டும் கேபிள் என்றால் அது பழைய கேபிள் டிவி லைன். இவை எதுவுமில்லாமல், பச்சை நிற முனையுள்ள மெல்லிய ஒயர் சுவர்ப் பெட்டிக்குள் போகிறது என்றால் உங்கள் வீட்டுக்கே ஃபைபர் வந்துவிட்டது. மேலே படிக்கத் தேவையில்லை, நிம்மதியாக இருங்கள்.

ஊருக்கு வெளியே இருப்பவர்களுக்கு கூரையில் ஆன்டெனா அல்லது சாட்டிலைட் டிஷ்.

ஒரே நாட்டுக்கு ஒரே திட்டம். அப்புறம் ஏன் இத்தனை வகை?

இதற்குக் கொஞ்சம் பழைய கதை சொல்ல வேண்டும்.

முதல் திட்டம் எளிமையானது. பத்தில் ஒன்பது வீட்டுக்கு ஃபைபர், மீதிக்கு வயர்லெஸும் சாட்டிலைட்டும். எட்டு வருடம், 4,300 கோடி டாலர் என்று 2009-ல் அறிவித்தார்கள். அடுத்த வருடம் ஃபைபர் 93 சதவீதம் என்று மாற்றினார்கள். 2010-ல் டாஸ்மேனியாவில் மிட்வே பாயின்ட், ஸ்மித்டன், ஸ்காட்ஸ்டேல் ஆகிய மூன்று சிற்றூர்களில் முதல் வீடுகளுக்கு லைன் வந்தது. அந்த வருடத் தேர்தலில் யாருக்கும் பெரும்பான்மை இல்லை. டோனி வின்ட்சர், ராப் ஓக்‌ஷாட் என்ற இரண்டு கிராமப்புற சுயேச்சைகள் லேபர் பிரதமர் ஜூலியா கில்லார்டுக்கு ஆதரவு கொடுத்து ஆட்சி அமைய வைத்தார்கள். அதற்கு அவர்கள் சொன்ன காரணங்களில் என்.பி.என். முக்கியமானது. கிராமத்துக்காரனுக்கு இந்த லைன் எவ்வளவு பெரிய விஷயம் என்று அதிலிருந்தே தெரியும்.

ஆனால் வேலை நகரவில்லை. பெரிய டெலிபோன் கம்பெனியான டெல்ஸ்ட்ராவின் குழாய்களையும் குழிகளையும் பயன்படுத்த 1,100 கோடி டாலர் ஒப்பந்தம் 2011-ல்தான் முடிந்தது. 2013-ல் அந்தக் குழிகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருப்பது தெரிந்து பல இடங்களில் வேலையை நிறுத்தினார்கள். சொன்ன தேதியும் நடந்த வேலையும் ஒட்டவே இல்லை. லேபர் கட்சியை எவ்வளவு பாராட்டினாலும் இதை மறைக்கக் கூடாது.

அந்த இடத்தில்தான் எதிர்க்கட்சியான லிபரல் கூட்டணியின் டோனி அபட்டும் மால்கம் டர்ன்புல்லும் வேறு திட்டத்தோடு வந்தார்கள். வீடு வரை ஃபைபர் வேண்டாம், தெருமுனை வரை போதும், மீதிக்குப் பழைய செம்பையே வைத்துக்கொள்ளலாம். 2,950 கோடியில் முடித்து, 2016-க்குள் எல்லாருக்கும் நொடிக்குக் குறைந்தது 25 மெகாபிட் வேகம் தருகிறோம் என்றார்கள். 2013 செப்டம்பரில் ஜெயித்தார்கள். டிசம்பரிலேயே மதிப்பீடு 4,100 கோடி ஆகிவிட்டது. கையில் இருக்கும் எல்லா வகைக் கம்பியையும் கலந்து பயன்படுத்துவது என்று முடிவானது. உங்கள் வீட்டுச் சுவரில் இருக்கும் பெட்டி அந்த முடிவின்படி வந்தது.

கேபிள் கதை தனி. 90-களில் டெல்ஸ்ட்ராவும் இன்னொரு டெலிபோன் கம்பெனியான ஆப்டஸும் போட்டி போட்டுக்கொண்டு ஒரே தெருவில் இரண்டு டிவி கேபிள் இழுத்தன. பக்கத்து சபர்புக்கு ஒன்றுகூட இல்லை. அந்த இரண்டையும் என்.பி.என்.னில் சேர்ப்பது என்று கிளம்பினார்கள். ஆப்டஸ் கேபிளை 2016-ல் ஏறக்குறைய முழுக்கக் கைவிட்டார்கள். அந்த வீடுகளுக்காகத்தான் வாசல் குழி வரை ஃபைபர் என்ற வகை பெரிய அளவில் வந்தது. டெல்ஸ்ட்ரா கேபிளிலும் லைன் அறுந்து அறுந்து வந்ததால், 2017 நவம்பரில் புது இணைப்புகளை நிறுத்தி, சரிசெய்து, அடுத்த ஏப்ரலில்தான் திறந்தார்கள்.

எதிர் வீட்டில் 95 மெகாபிட் வருகிறது, எங்களுக்கு 31. இருவரும் கட்டுவது ஒரே பணம். இது எப்படி நியாயம்?

இது என் வீட்டுக் கேள்வியும்தான். எண்கள்கூட என் வீட்டு எண்களே.

எங்கள் தெருவின் நடுவில் எல்லைக்கோடு போனது. எதிர்ச் சாரிக்குக் கேபிள், எங்கள் சாரிக்கு நோட். நோட் அடுத்த தெருவில், ஒரு பெரிய யூகலிப்டஸ் மரத்தடியில். நடந்து பார்த்தால் நாலு நிமிஷம். ஆனால் கம்பி நம்மைப் போலக் குறுக்கே நடப்பதில்லை. பழைய டெலிபோன் பாதையில் சுற்றிக்கொண்டு வரும். நோட்டிலிருந்து செம்பு சுமார் 400 மீட்டருக்குள் இருந்தால் 100 மெகாபிட் பக்கம் கிடைக்கலாம். ஒரு கிலோமீட்டரை நெருங்கினால் 25, 30 என்று இறங்கிவிடும். அதற்கு மேல் நீங்கள் எவ்வளவு விலையுள்ள மோடம் வாங்கினாலும், எவ்வளவு பெரிய பிளான் எடுத்தாலும் அந்தச் செம்பு தர மாட்டேன் என்றுதான் சொல்லும்.

நான் ஒன்றரை வருடம் 50 மெகாபிட் பிளானுக்குப் பணம் கட்டினேன். ஒரு நாள் மோடத்தின் உள்பக்கத்தில் போய் லைன் வேகத்தைப் பார்த்தபோதுதான் 31 என்று இருந்தது. என் சேவைக் கம்பெனிக்குப் போன் செய்து சொன்னதும், "ஆமாம் சார், உங்கள் லைனில் அதிகபட்சம் அவ்வளவுதான்" என்றார்கள். அவர்களுக்கு முதல் நாளே தெரியும். எனக்குத் தெரியாது. அதுதான் வலித்தது.

இது என் ஒருவன் கதை இல்லை. நுகர்வோர் ஆணையமான ஏ.சி.சி.சி. தலையிட்டபின், 2017-ல் டெல்ஸ்ட்ரா மட்டும் சுமார் 42,000 வாடிக்கையாளர்களுக்கு ஈடு தர ஒப்புக்கொண்டது. கிடைக்கவே முடியாத வேகத்தை அவர்களுக்கு விற்றிருந்தது. அதற்குப் பிறகும் லைனின் உண்மையான வேகத்தைச் சொல்லத் தவறியதற்காக, 2022 நவம்பரில் டெல்ஸ்ட்ரா, ஆப்டஸ், டி.பி.ஜி. மூன்றுக்கும் சேர்த்து 3.35 கோடி டாலர் அபராதம் போட்டது ஃபெடரல் கோர்ட்.

ஆகவே நோட் லைனில் இருப்பவர்கள் இன்றைக்கே ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் லைனின் அதிகபட்ச வேகம் எவ்வளவு என்று சேவைக் கம்பெனியிடம் எழுத்தில் கேளுங்கள். அதைவிடப் பெரிய பிளானில் இருந்தால் இறக்கச் சொல்லுங்கள், கூடுதலாகக் கட்டியதைத் திருப்பிக் கேளுங்கள்.

மழை பெய்தால் லைன் போய்விடுகிறது. எங்கள் பிரமையா?

பிரமை இல்லை. மூன்று நாள் மழைக்குப் பிறகு எங்கள் வாசல் நடைபாதையில் டெக்னீஷியன் ஒருவர் குழியின் மூடியைத் தூக்கியபோது பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். முக்கால் குழிக்குக் கலங்கல் தண்ணீர். அதற்குள் கைவிட்டு அவர் வெளியே எடுத்தது ஒரு பிளாஸ்டிக் பை. அதைச் சுற்றி இன்சுலேஷன் டேப். டேப்பைப் பிரித்தால் உள்ளே கம்பி ஒட்டுக்கள், பச்சைப் பாசி பிடித்த மாதிரி. செம்பில் களிம்பு ஏறினால் அந்த நிறம்தான் வரும். நம் வீட்டுப் பழைய செம்புக் குடத்தில் பார்த்திருப்பீர்கள். அவர் நுனிகளை வெட்டி, புது ஒட்டுப் போட்டு, மேலே ஜெல் வைத்து மூடினார். நல்ல மனிதர். "அடுத்த மழைக்கு வேறு ஒட்டு போகும், நான் சொன்னதாகச் சொல்லாதீர்கள்" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுப் போனார். ஆறு வாரத்தில் அப்படியே ஆனது.

ஃபைபர் கண்ணாடி. அதில் மின்சாரம் ஓடாது, வெளிச்சம் ஓடுகிறது. களிம்பு ஏறாது.

மின்னலும் ஒரு பிரச்சினை. ப்ளூ மவுன்டன்ஸ் பக்கம் வாசல் குழி வரை ஃபைபர் உள்ள வீடுகளில், இடி மின்னல் வரும்போதெல்லாம் அந்தச் சின்ன வெள்ளைப் பெட்டிகள் கருகிப்போயின. கடைசிச் சில மீட்டர் செம்புதான் மின்னலை வீட்டுக்குள் கொண்டுவந்தது. அந்த வகை லைன் இருப்பவர்கள் புயல் எச்சரிக்கை வந்தால் பெட்டியைச் சுவரிலிருந்து கழற்றி வைப்பது நல்லது.

சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் படம் பார்க்க உட்கார்ந்தால் சுற்றிக்கொண்டே இருக்கிறதே?

முன்பு இதற்கு முக்கியக் காரணம் கணக்குவழக்கு. சில்லறைக் கம்பெனி என்.பி.என்.னிடம் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கட்டணம் கட்டியது போக, ஒரு பகுதி முழுவதற்கும் பொதுவான கொள்ளளவைத் தனியாக வாங்க வேண்டும். சி.வி.சி. என்று பெயர். பணத்தை மிச்சம் பிடிக்கும் கம்பெனி அதைக் குறைத்து வாங்கும். பகலில் தெரியாது. ஏழிலிருந்து பதினொன்று வரை எல்லா வீடும் ஒன்றாக உட்காரும்போது குழாய் நிரம்பிவிடும். லைன் நன்றாக இருக்கும், இருந்தும் படம் நகராது.

கொரோனா வந்து எல்லாரும் வீட்டில் அடைந்தபோது, 2020 மார்ச்சில், என்.பி.என். 40 சதவீதம் வரை கூடுதல் கொள்ளளவைக் கட்டணமில்லாமல் கொடுத்தது. கம்பியை மாற்றாமலே வித்தியாசம் தெரிந்தது. பிறகு 2023-ல் ஏ.சி.சி.சி. ஒப்புதலோடு கட்டண முறையே மாறியது. 100 மெகாபிட்டும் அதற்கு மேலும் உள்ள பிளான்களுக்கு சி.வி.சி. போய்விட்டது. இன்றைக்கும் சாயங்காலம் மட்டும் வேகம் இறங்கினால் கம்பெனியை மாற்றிப் பாருங்கள். மாறினால் பலன் தெரியும் ஒரே இடம் இதுதான். பகலிலும் ராத்திரியிலும் ஒரே மாதிரி மோசமாக இருந்தால் கம்பியையோ வீட்டு வைஃபையையோ சந்தேகப்படுங்கள்.

வைஃபையைப் பற்றி ஒரு வார்த்தை. நான் போய்ப் பார்த்த வீடுகளில் பாதியில் மோடம் டிவிக்குப் பின்னால், சாமி அலமாரிக்குக் கீழே, அல்லது கராஜில் இருந்தது. முதலில் லேப்டாப்பை ஒயரில் நேராக மோடத்தில் மாட்டி வேகத்தைப் பாருங்கள். அங்கே சரியாக வந்தால் என்.பி.என். மேல் குற்றமில்லை.

ஒரு வீட்டுக்கு 25 மெகாபிட் போதும் என்றார்களே. உண்மையில் போதாதா?

இரண்டு பேர் மட்டும் இருக்கும் வீட்டில், ஒரு டிவி, ஊருக்கு ஒரு வீடியோ கால் என்றால் இன்றைக்கும் 25-ல் ஓட்டிவிடலாம். செம்பு மோசமாக இருந்ததால் ஏ.டி.எஸ்.எல். (பழைய டெலிபோன் லைன் இன்டர்நெட்) கூடக் கிடைக்காத சபர்புகள் அந்தக் காலத்தில் எத்தனையோ இருந்தன. அங்கே இருந்தவர்களுக்கு நோட் லைன் வந்தது பெரிய முன்னேற்றம். ஏ.டி.எஸ்.எல்.லில் எங்கள் வீட்டுக்கே 6 மெகாபிட்தான் வந்தது. இதையும் சொல்லாமல் விடக் கூடாது.

ஆனால் 2021 ஜூலையில் எங்கள் வீட்டைப் பார்த்திருக்க வேண்டும். சிட்னி முழுக்க லாக்டவுன், மேற்குப் பகுதிக்கு இன்னும் கடுமையான கட்டுப்பாடு. பெரியவள் பதினோராம் வகுப்பு, முன்னறையில் ஜூம். சின்னவன் சமையலறை மேஜையில் ஜூம். மனைவி படுக்கையறையில் ஆபீஸ் மீட்டிங். டவுன்லோட் எப்படியோ தாங்கியது, அப்லோட் தாங்கவில்லை. எங்கள் லைனில் அப்லோட் 4 மெகாபிட். மூன்று முகம் ஒரே நேரத்தில் வெளியே போக வேண்டுமே. முறை வைத்துக்கொண்டோம்: பெரியவளுக்குப் பரீட்சை என்றால் மற்றவர்கள் கேமராவை அணைத்துவிட வேண்டும். என் மீட்டிங்குகளுக்கு நான் டிரைவ்வேயில் நின்ற காருக்குள் உட்கார்ந்து, போனின் ஹாட்ஸ்பாட்டில் பேசினேன். குளிர்காலம், கண்ணாடியெல்லாம் பனி மூடும். எதிர் வீட்டுக்காரர் கையாட்டிவிட்டுப் போவார்.

2013-ல் இந்த விவாதம் முழுக்க டவுன்லோட் பற்றியே நடந்தது. வீட்டிலிருந்து வெளியே அனுப்புவதைப் பற்றி அதிகம் பேர் பேசவில்லை. நம் போன்ற வீடுகள் ஊரில் இருக்கும் அம்மா அப்பாவுக்கு முகம் காட்டுவதே இந்த அப்லோடில்தான்.

கரண்ட் போனால் வீட்டு போன் வேலை செய்யுமா?

செய்யாது. பழைய செம்பு போனுக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே மின்சாரம் வரும், என்.பி.என்.னில் அப்படி இல்லை. வீட்டில் பெரியவர்கள் கழுத்தில் மாட்டும் அவசர அலாரம் வைத்திருந்தால், அது என்.பி.என்.னில் வேலை செய்யுமா என்று அலாரம் கம்பெனியிடம் கண்டிப்பாகக் கேளுங்கள். சிம் கார்டு உள்ள அலாரமாக மாற்றிக்கொள்வது பாதுகாப்பு.

இப்போது இலவசமாக ஃபைபர் போடுகிறார்கள் என்கிறார்களே, உண்மையா? எப்படி வாங்குவது?

உண்மை. 2020 செப்டம்பரில் அதே லிபரல் கூட்டணி அரசே, நோட் வீடுகளுக்கு ஃபைபர் இழுப்பதையும் சேர்த்து 450 கோடி டாலர் மேம்பாட்டுத் திட்டத்தை அறிவித்தது. 2022-ல் வந்த லேபர் அரசு 240 கோடி போட்டு இன்னும் 15 லட்சம் இடங்களைச் சேர்த்தது. 2025 ஜனவரியில், மிச்சம் இருந்த ஏறக்குறைய 6,22,000 நோட் இடங்களையும் 2030-க்குள் முடிக்க 300 கோடி டாலர் என்று பிரதமர் அல்பனீஸி அறிவித்தார்.

செய்ய வேண்டியது: என்.பி.என். தளத்தில் முகவரியைத் தட்டி, உங்கள் வீடு மேம்பாட்டுக்குத் தகுதி பெற்றதா என்று பாருங்கள். தகுதி இருந்தால் என்.பி.என்.னுக்குப் போன் செய்யாதீர்கள். ஏதாவது ஒரு சில்லறைக் கம்பெனியிடம் அதற்குரிய வேகமான பிளானை ஆர்டர் செய்யுங்கள். அந்த ஆர்டர்தான் வேலையைத் தொடங்கி வைக்கும். சில மாதங்களுக்குள் பிளானை இறக்கினால் கட்டணம் போடும் கம்பெனிகள் உண்டு, அந்த நிபந்தனையை மட்டும் படித்துவிடுங்கள்.

எங்கள் வீட்டில் இரண்டு தடவை வந்தார்கள். முதல் தடவை வெளிவேலை. நடைபாதைக் குழியிலிருந்து வீட்டுச் சுவர் வரை மண்ணுக்கடியில் இருக்கும் பழைய டெலிபோன் குழாய் வழியாக ஒரு நீளமான மஞ்சள் கம்பியை உள்ளே தள்ளுவார்கள். அது மறுமுனையில் எட்டிப் பார்த்தால் வேலை சுலபம். எங்களுக்கு எட்டிப் பார்க்கவில்லை. நடுவில் லில்லி பில்லி மரத்தின் வேர் குழாயை நெரித்திருந்தது. இரண்டு மணி நேரம் போராடி, வேலியோரம் கொஞ்சம் தோண்டி, புதுக் குழாய் போட்டார்கள். எனக்கு ஒரு காசு செலவில்லை. இரண்டாம் தடவை வந்தவர் உள்ளே பெட்டி மாட்டினார். பெட்டி எந்த அறையில் வர வேண்டும் என்று முன்னாலேயே முடிவு செய்து வையுங்கள். வந்தவர் அவசரத்தில் கராஜ் சுவரில் மாட்டிவிட்டால் பிறகு மாற்றுவது தலைவலி. வீட்டின் நடுவில், பக்கத்தில் ப்ளக் பாயின்ட் இருக்கும் இடமாகக் காட்டுங்கள்.

மாட்டியதும் ஆப்டிகல் என்று போட்ட விளக்கு பச்சையாக எரிய வேண்டும். நான்கு துளை உள்ள பெட்டியாக இருந்தால், மோடத்தை எந்தத் துளையில் செருக வேண்டும் என்று சேவைக் கம்பெனி அனுப்பும் மெசேஜில் இருக்கும். பெரும்பாலும் முதல் துளை. கம்பெனி மாறும்போது இரண்டாம் துளைக்கு மாறிவிடலாம். "ஃபைபர் போட்டும் வரவில்லை" என்று என்னைக் கூப்பிட்ட மூன்று வீட்டில் இரண்டில், ஒயரைப் பக்கத்துத் துளைக்கு மாற்றியதோடு வேலை முடிந்தது.

வாடகை வீட்டில் இருப்பவர்கள் வீட்டுக்காரரின் சம்மதத்தை எழுத்தில் வாங்க வேண்டும். ஏஜென்டுக்கு ஒரு ஈமெயில் போடுங்கள், செலவில்லை என்பதை முதல் வரியிலேயே சொல்லுங்கள். அடுக்குமாடியில் கட்டடத்தின் ஸ்ட்ராட்டா குழு (வீட்டு உரிமையாளர்கள் சங்கம்) ஒப்புக்கொள்ள வேண்டும், அதற்கு நாள் ஆகும்.

2025 செப்டம்பர் 14 முதல் ஃபைபரிலும் கேபிளிலும் 100 மெகாபிட் பிளானின் வேகத்தை 500 ஆக என்.பி.என். உயர்த்தியது, அப்லோட் 20-லிருந்து 50. நோட் லைனுக்கு அந்த உயர்வு இல்லை.

கிராமத்தில் பண்ணை வேலை, சாட்டிலைட்தான் என்கிறார்கள். தாங்குமா?

ஸ்கை மஸ்டர் என்று இரண்டு சாட்டிலைட், 2015-லும் 2016-லும் ஏவினார்கள். பூமியிலிருந்து சுமார் 36,000 கிலோமீட்டர் உயரம். பேச்சு அங்கே போய்த் திரும்பி வருவதற்குள் அரை நொடிக்கு மேல் ஆகிவிடும். வீடியோ காலில் இருவரும் ஒரே நேரத்தில் பேசி முட்டிக்கொள்வீர்கள். மற்ற வேலைக்குப் பரவாயில்லை. தாழப் பறக்கும் சாட்டிலைட்டுகளுக்கு மாறுவதற்காக 2025 ஆகஸ்டில் அமேசானோடு ஒப்பந்தம் போட்டிருக்கிறது என்.பி.என். டவர் தெரியும் இடத்தில் இருந்தால் சாட்டிலைட்டை விட வயர்லெஸ் நல்லது. நடுவில் மரம் வளர்ந்தால் சிக்னல் குறையும்.

5ஜி இருக்கிறது, ஸ்டார்லிங்க் சாட்டிலைட் இன்டர்நெட் இருக்கிறது. இனி என்.பி.என். எதற்கு?

உங்கள் வீட்டுக்கு மட்டும் என்றால், 5ஜி நன்றாக வரும் இடத்தில் அது போதும். வாடகை வீட்டில் ஆறு மாதம் இருக்கப்போகிறவருக்கு நானே அதைத்தான் சொல்வேன். தூரத்துப் பண்ணைகளில் ஸ்டார்லிங்க் பெரிய உதவி. அதை மறுக்க மாட்டேன். ஆனால் ஒரு தெருவில் எல்லாரும் 5ஜிக்கு மாறினால் டவர் திணறும். வானொலி அலையை எல்லாரும் பங்குபோட வேண்டும். ஃபைபருக்கு இரண்டு முனையிலும் பெட்டியை மாற்றினால் வேகம் கூடும், மண்ணைத் தோண்ட வேண்டியதில்லை.

கடைசியில் எவ்வளவு செலவானது? யார் சொன்னது சரி?

2,950 கோடி என்று தொடங்கிய மலிவுத் திட்டம், 2020 டிசம்பரில் கட்டி முடிந்தது என்று அறிவித்தபோது 5,000 கோடியைத் தாண்டியிருந்தது. முழு ஃபைபர் திட்டமும் சொன்ன விலையில், சொன்ன நாளில் முடிந்திருக்காது. அதன் முதல் மூன்று வருட வேகத்தைப் பார்த்தவர்கள் யாரும் அப்படி வாதாட மாட்டார்கள். ஆனால் எங்கள் தெருவில் நோட் பெட்டி வைத்தார்கள், செம்பை ஒட்டினார்கள், வருடக்கணக்கில் டெக்னீஷியன்களை அனுப்பினார்கள், இப்போது அதே தெருவில் ஃபைபர் இழுக்கிறார்கள். இரண்டு செலவும் ஒரே வீட்டுக்கு. பக்கத்தில் நியூசிலாந்து ஏறக்குறைய அதே காலத்தில் ஃபைபரில் தொடங்கி, 2022-க்குள் 87 சதவீத மக்களுக்கு ஃபைபராகவே முடித்துவிட்டது. அந்த ஒப்பீடு எனக்கு ஆறவே இல்லை. பணத்தை விட, என் மகளின் பள்ளிக் காலம் முழுவதும் அந்தச் செம்பில் போனதுதான் எனக்குப் பெரிய கணக்கு.

என்.பி.என்.னைத் தனியாருக்கு விற்றுவிடுவார்களா?

கட்டி முடித்த பிறகு விற்கலாம் என்று 2011 சட்டத்திலேயே வழி வைத்திருந்தார்கள். விற்காமல் அரசிடமே வைத்திருப்பதற்கான மசோதாவை லேபர் அரசு 2024 அக்டோபரில் கொண்டுவந்தது. அரசிடமே இருக்க வேண்டும் என்பதுதான் என் கருத்து. லாபக் கணக்கு பார்க்கும் முதலாளி, மழையில் நனைந்த குழியை மாற்ற எங்கள் தெருவுக்கு எப்போது வருவார் என்று யோசித்துப் பாருங்கள்.

சேவைக் கம்பெனி காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. எங்கே போவது?

முதலில் ஒரு வாரம் குறித்து வையுங்கள்: லைன் போன தேதி, நேரம், மழையா வெயிலா, காலை வேகம், ராத்திரி எட்டு மணி வேகம். ஒயரில் மாட்டி அளந்தது என்றும் எழுதுங்கள். அதோடு கம்பெனியிடம் முறையான புகார் கொடுத்து, புகார் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். "சரி பண்ணிவிடுகிறோம்" என்ற வாய்ப்பேச்சு புகாராகாது. அதற்கும் அசையவில்லை என்றால் தொலைத்தொடர்பு ஆம்புட்ஸ்மன் (புகார்களை விசாரிக்கும் அமைப்பு), 1800 062 058. கட்டணம் கிடையாது. ஆங்கிலம் தடுமாறும் பெரியவர்கள் முதலில் 131 450-ஐக் கூப்பிட்டு, தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று சொல்லி, ஆம்புட்ஸ்மன் எண்ணுக்கு இணைக்கச் சொல்லலாம். எங்கள் பக்கத்துத் தெரு அம்மா ஒருவர், எழுபது வயது, அந்த ஒரு வாரக் குறிப்பைத் தமிழ் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டு அப்படித்தான் பேசினார். பத்து நாளில் ஆள் வந்து குழியைத் திறந்தார்கள்.